ரெபூசியா காக்டஸ் உச்சியில துரு பிடிச்ச மாதிரி பழுப்பு, மருந்து ஊத்தியும் பரவிக்கிட்டே இருக்கு, என்ன பண்றது?

முள்மொட்டு:

வணக்கம் எல்லாருக்கும். ஏழு வருஷமா காக்டஸ் வளர்க்கிறேன், இப்ப 140 தொட்டி இருக்கு, அதுல பாதிக்கு மேல விதை போட்டு நானே வளர்த்தது, அதனாலதான் இப்ப மனசு கிடந்து அடிச்சுக்குது.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ரெபூசியாவோட உச்சியில, புது முள்ளு எட்டிப் பார்க்கிற இடத்துல, லேசா சாம்பல் கலந்த பழுப்பு தெரிஞ்சுது. வெயில் சுட்டிருக்கும்னு நினைச்சு நிழலுக்கு மாத்தினேன். நிக்கல. கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கி இப்ப பாதி உடம்பு துரு ஏறின தகரம் மாதிரி ஆயிடுச்சு, தொட்டா சொரசொரன்னு இருக்கு. அப்புறம் பக்கத்துல இருந்த சல்கோரெபூசியா, அடுத்து ரெண்டு லோபிவியா, போன வாரம் சாமிசீரியஸ்னு ஒரே பெஞ்ச்ல வரிசையா போயிட்டிருக்கு. ஆனா அதே பெஞ்ச்ல இருக்கிற ஃபெரோகாக்டஸுக்கு ஒண்ணுமே ஆகல.

ஏதோ சாறு உறிஞ்சற பூச்சின்னு நினைச்சு இமிடாகுளோப்ரிட் கலக்கி மண்ணுல ஊத்தினேன், 15 நாள் விட்டு மறுபடியும் ஊத்தினேன். கண்ணுக்கு ஒரு பூச்சிகூட தெரியல, ஆனா பழுப்பு முன்னைவிட வேகமா பரவற மாதிரி தோணுது. அதோட ஒரு மம்மில்லேரியாவுல முள்ளுக்கு நடுவுல வெள்ளைப் பஞ்சு அங்கங்க இருக்கு. ஒரு ஜிம்னோகாலிசியம் மூணு மாசமா வளரவே இல்ல, தண்ணி விட்டாலும் சுருங்கியே கிடக்கு. மூணும் ஒரே நோயா? வயசான காக்டஸ் அடியில பழுப்பாகும்னு சொல்வாங்களே, கார்க்கிங்னு, அதுவா இருக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பச்சைத்தொட்டி:

கார்க்கிங் கிடையாது சகோ. அது மண்ணு ஒட்டி இருக்கிற அடிப்பகுதியில ஆரம்பிச்சு வருஷக்கணக்குல மேல ஏறும். உங்களோடது உச்சியில ஆரம்பிச்சு கீழ இறங்குது, நேர் எதிர். வெயில் சுட்டதுன்னா வெயில் படற ஒரு பக்கம் மட்டும் மஞ்சளா வெளுத்து அப்புறம் காயும், சுத்திவர சமமா வராது, அடுத்த தொட்டிக்கும் தாவாது.

ஒரு வேலை பண்ணுங்க. வெள்ளைப் பேப்பரை செடிக்கு அடியில பிடிச்சுக்கிட்டு பென்சிலால உச்சிய ரெண்டு மூணு தட்டு தட்டுங்க. பேப்பரை அசைக்காம ஒரு நிமிஷம் பாருங்க. புள்ளி ஏதாவது நகருதான்னு சொல்லுங்க. பத்து மடங்கு லென்ஸ் இருந்தா ரொம்ப நல்லது.

முள்மொட்டு:

தட்டிப் பார்த்தேன். முதல்ல வெறும் தூசின்னுதான் நினைச்சேன், அரை நிமிஷம் கழிச்சு அந்தத் தூசியில நாலஞ்சு மெதுவா நடக்க ஆரம்பிச்சுது. மிளகாய்த்தூள் துகள் அளவுகூட இல்ல. விரலால தேய்ச்சா பேப்பர்ல பச்சையும் செம்பழுப்புமா சின்னக் கோடு விழுந்துது. லென்ஸ்ல பார்த்தா உடம்புக்கு ரெண்டு பக்கமும் கருப்பா ஒவ்வொரு திட்டு இருக்கு, முள்ளுக்கு முள்ளு மெல்லிசா நூலும் ஓடுது. இத்தனை நாள் அதைத் தூசி படிஞ்ச சிலந்தி நூல்னு நினைச்சு ஊதி விட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ரொம்ப வருத்தமா இருக்கு.

கள்ளிக்கிழவர்:

வருத்தப்படாதீங்கம்மா, இது எல்லார் கலெக்‌ஷனுக்கும் ஒரு நாள் வர்றதுதான், எனக்கு 20 வருஷத்துல நாலு தடவை வந்திருக்கு. நீங்க பார்த்தது சிவப்புச் சிலந்திப் பேன், அந்த ரெண்டு கருப்புத் திட்டை வச்சு ரெட்டைப்புள்ளி சிலந்திப் பேன்னும் சொல்வாங்க, அறிவியல் பேரு டெட்ரானிக்கஸ் உர்ட்டிகே. வளர்ந்த பேனே அரை மில்லிமீட்டர்தான். முதல்ல மனசுல வச்சுக்க வேண்டியது இது பூச்சியே இல்ல, எட்டுக் கால், சிலந்தி வகையறா (முட்டையில இருந்து வர்ற குஞ்சுக்கு மட்டும் ஆறு கால்). இமிடாகுளோப்ரிட் மாவுப்பூச்சி, அசுவினி மாதிரி சாறு உறிஞ்சற பூச்சிக்கு நல்ல மருந்து, பேனுக்கு ஆகாது. ஆகாததோட விட்டாலும் பரவாயில்ல, அந்த மருந்து போட்ட செடியில பேன் இன்னும் பெருகினதை பல பயிர்ல பார்த்திருக்காங்க. அதனால வேகமா பரவற மாதிரி உங்களுக்குத் தோணினது வெறும் பிரமையா இருக்காது. பைரத்ராய்டு ஸ்ப்ரேயும் இதே கதைதான், பேனைத் தின்கிற நல்ல பூச்சியெல்லாம் செத்துப்போய் பேன் மட்டும் மிஞ்சும்.

ஏன் ரெபூசியாவையும் லோபிவியாவையும் பிடிச்சு ஃபெரோகாக்டஸை விட்டுதுன்னு கேட்டா, தோல்தான் காரணம். இந்தப் பேனுக்கு ஊசி மாதிரி வாய், தோலுக்கு அடியில இருக்கிற செல்லை ஒவ்வொண்ணா குத்தி உள்ள இருக்கறதை உறிஞ்சும். ரெபூசியா, சல்கோரெபூசியா, லோபிவியா, சாமிசீரியஸ், மெல்லிசான மம்மில்லேரியா எல்லாம் மெத்துமெத்துன்னு தோல் உள்ளவை. அதுலயும் உச்சியில இருக்கிற இளசுதான் சுலபமா குத்த முடியற இடம். ரோஜாவா இருந்தா பாழான இலை உதிர்ந்து புது இலை வந்துடும், காக்டஸுக்கு அந்த வசதி இல்ல, தண்டுதான் அதுக்கு இலை, செத்த செல்லு செத்ததுதான், அந்தத் துரு நிறம் இனிமே பச்சை ஆகவே ஆகாது. அதனால மருந்து வேலை செய்யுதான்னு பழுப்பைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, உச்சியில புதுசா வர்ற வளர்ச்சி சுத்தமா வருதான்னு மட்டும் பாருங்க. இதைப் புரிஞ்சுக்காம அடுத்தடுத்து மருந்து மாத்தி மாத்தி அடிச்சே செடியைக் கொன்னவங்க நிறைய, நான் அந்தக் காலத்துல ஒரு ட்ரே முழுக்க அப்படித்தான் இழந்தேன்.

அடுத்தது நாள் கணக்கு. 30 டிகிரி செல்சியஸ் சூட்டுல முட்டையில இருந்து முட்டை போடற பேன் ஆகறதுக்கு ஒரு வாரம் சொச்சம் போதும், 20 டிகிரின்னா ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும். ஒரு பெண் பேன் நூறு முட்டைக்கு மேல போடும். ஆண் சேராமலே முட்டை போடும், அதுல இருந்து ஆண் மட்டும் பொரியும், அப்புறம் அந்த ஆணோட சேர்ந்து பெண் குஞ்சும் வரும், அதனால ஒத்தைப் பேன் தப்பிச்சாலே மறுபடி ஒரு கூட்டம் வந்துடும். முக்கால்வாசி மருந்து முட்டையை ஒண்ணும் செய்யாது. ஒரு தடவை அடிச்சா நடக்கிறது சாகும், நாலு நாள்ல முட்டை பொரிஞ்சு மறுபடி கூட்டம். வெயில் காலத்துல 5 நாளைக்கு ஒரு தடவை, குளிர்ச்சியா இருந்தா 7 நாளைக்கு ஒரு தடவைன்னு குறைஞ்சது மூணு தடவை விடாம அடிக்கணும். ரெண்டாவது தடவையோட நல்லாயிடுச்சுன்னு நிறுத்தறதுலதான் எல்லாரும் தோத்துப் போறது.

மருந்துன்னா பேனுக்குன்னே இருக்கறதை எடுங்க. அபாமெக்டின் தோலுக்குள்ள கொஞ்சம் ஊறிப் போகும், நடக்கிற பேனைக் கொல்லும், முட்டைக்கு ஆகாது. ஸ்பைரோமெசிஃபென் முட்டையையும் குஞ்சையும் கவனிச்சுக்கும். ஹெக்சிதியாசாக்ஸும் முட்டை, குஞ்சுக்குத்தான், வளர்ந்த பேன் அதுல சாகாது. நான் முதல் தடவை அபாமெக்டின், ரெண்டாவது ஸ்பைரோமெசிஃபென், மூணாவது மறுபடி அபாமெக்டின்னு போவேன். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிச்சா பேன் சீக்கிரமே அதுக்குப் பழகிடும், மருந்துக்குத் தாக்குப்பிடிக்கிறதுல இது ரொம்பப் பேர் போனது. பாட்டில் லேபிள்ல, மருந்து எந்த விதத்துல கொல்லுதுங்கறதை வச்சு குரூப் நம்பர்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, அபாமெக்டின் 6, ஸ்பைரோமெசிஃபென் 23, ஹெக்சிதியாசாக்ஸ் 10ஏ. பேரு வேறயா இருந்து நம்பர் ஒண்ணா இருந்தா அது மாத்தினதா கணக்கில்ல. அளவு லேபிள்ல என்ன போட்டிருக்கோ அதுதான், கையுறை, மாஸ்க் போட்டுக்கோங்க, தேனீக்கும் மீனுக்கும் அபாமெக்டின் கடுமையான விஷம், பூ விரிஞ்ச செடியில அடிக்காதீங்க, கழுவின தண்ணி குளத்துக்குப் போகக் கூடாது.

(இந்த மருந்து எனக்கு எப்பவும் ஆச்சரியம்தான். ஜப்பான்ல சடோஷி ஓமுரா ஒரு மண்ணு மாதிரியில இருந்து பிரிச்ச பாக்டீரியா உண்டாக்கறது இது, அதே குடும்பத்துல இருந்து வந்த ஐவர்மெக்டினாலதான் ஆத்துக்குருடு நோய்க்கு வழி கிடைச்சுது, 2015ல அவருக்கும் வில்லியம் கேம்பலுக்கும் நோபல் பரிசும் வந்துது.)

இன்னொண்ணு, காக்டஸ்ல முள்ளு தண்ணியைத் தள்ளிவிடும், மருந்து முத்துமுத்தா முள்ளு மேலயே நின்னுடும், தோலைத் தொடவே தொடாது. மருந்து தோல்ல பரவி ஒட்டறதுக்குச் சேர்க்கிற ஒட்டுத் திரவம் ரெண்டு சொட்டு கலந்து, தொட்டியைச் சாய்ச்சுப் பிடிச்சு நாலு பக்கமும், அடியிலயும் அடிங்க. சாயங்காலம் வெயில் போனதுக்கு அப்புறம்தான். அந்த பெஞ்ச்ல நல்லா இருக்கிற தொட்டியையும் சேர்த்து அடிக்கணும்.

நீலத்தண்டு:

ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனா மருந்துக்கு முன்னாடி தண்ணியை மறந்துடாதீங்கன்னு நான் சொல்வேன். இந்தப் பேனுக்கு காய்ஞ்ச சூடான காத்தோட்டம் இல்லாத இடம்தான் சொர்க்கம், அதாவது நாம காக்டஸுக்கு மழை படாம கூரைக்கு அடியில அமைச்சுக் கொடுக்கிற இடம். மழை பட வளர்றதுல இது அவ்வளவா வர்றதில்ல. செடி வளர்ற காலமா இருந்தா காலையில ஓஸ் பைப்பை விரலால அழுத்திப் பீச்சி உச்சி, முள்ளு இடுக்கு எல்லாம் நல்லா கழுவி விடுங்க, நூலும் பேனும் முட்டையும் பாதிக்கு மேல அப்பவே போயிடும், அப்புறம் அடிக்கிற மருந்து தோல்ல படும். காத்தாட வச்சு சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடணும். செடி தூங்கற காலத்துல மட்டும் இதைச் செய்யாதீங்க, அழுகிடும்.

வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் பத்தி யாராவது கண்டிப்பா சொல்வாங்க, அதனால முன்னாடியே சொல்லிடறேன். வேலை செய்யும், பொய்யில்ல, பேனை மூச்சு முட்ட வச்சுக் கொல்லும், மருந்துக்குப் பழகற பிரச்சினையும் இல்ல. ஆனா நீலமா, வெள்ளையா பூச்சு இருக்கிற செடி மேல படவே கூடாது. எங்கிட்ட பைலோசோசீரியஸ் ஒண்ணு இருந்துது, வானத்து நீலம், ஆறு வருஷம் வளர்த்தது. ஒரு இடத்துல நூல் பார்த்துட்டு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் சோப்போட அடிச்சுக் கழுவினேன். மறுநாள் காலையில பார்த்தா தண்ணி வழிஞ்ச தடம் தடமா அழுக்குப் பச்சை, இடையிடையில நீலம். அந்த நீலம் தோலோட நிறமே இல்ல, மேல இருக்கிற மெழுகு, எண்ணெயும் சோப்பும் அதைக் கரைச்சு எடுத்துட்டுப் போயிடுச்சு. நாலு வருஷமாச்சு, அந்தத் தடம் இன்னும் அப்படியேதான் இருக்கு, அதுக்கு மேல வளர்ந்தது மட்டும் நீலமா இருக்கு. கோபியாபோவாவோட சாம்பல் பூச்சுக்கும் இதே கதிதான். ஆஸ்ட்ரோஃபைட்டம் வச்சிருக்கீங்கன்னா அந்த வெள்ளைப் புள்ளி எல்லாம் குட்டிக் குட்டி ரோமம், பிரஷ் போட்டுத் தேய்ச்சா போயிடும், திரும்ப வராது.

ரெபூசியாவுக்கு வேப்பெண்ணெய் அடிக்கலாம், மூணு நாள் நல்ல நிழல்ல வைங்க, எண்ணெயோட வெயில்ல வச்சா வெந்துடும். கந்தகத்தூள் கரைசலும் பேனுக்கு நல்லதுதான், ஆனா 30 டிகிரிக்கு மேல போற நாள்ல அடிச்சா தோல் பொசுங்கும், எண்ணெய் அடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் பக்கமே போகாதீங்க.

பேனைத் தின்கிற பேனும் இருக்கு, வாங்கி விடறவங்க விடறாங்க. ஃபைட்டோசீயூலஸ் பெர்சிமிலிஸ்னு ஒண்ணு, 1958ல சிலியில இருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடியோட தற்செயலா வந்து சேர்ந்தது, சிலந்திப் பேனைத் தவிர வேற எதையும் தொடாது. ஆனா அதுக்கு 60 சதவீதத்துக்கு மேல ஈரப்பதம் வேணும், காக்டஸ் இருக்கிற இடத்துல அது தாங்கறதில்ல. காய்ஞ்ச இடத்துக்கு நியோசீயூலஸ் கலிஃபோர்னிகஸ்தான் பரவாயில்ல. எப்படியும் மருந்து அடிச்ச செடியில உடனே விட்டா வீண்.

வேர்ப்பக்கம்:

பேன் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் அந்த ஜிம்னோகாலிசியத்துக்கு வர்றேன். தண்ணி விட்டும் சுருங்கிக் கிடக்குன்னா மேல தேடாதீங்க, இப்பவே தொட்டியைக் கவுத்துப் பாருங்க. மண்கட்டி வெளிய வந்ததும் தொட்டியோட உள்சுவர்ல சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை, கொஞ்சம் நீலம் கலந்த மாவு ஒட்டியிருந்தா வேர் மாவுப்பூச்சி. அரிசிக் குருணையில பாதி இருக்கும், வேர்லயே ஒட்டிக்கிட்டு மெதுவா ஊரும். (மண்ணுல கலக்கிற வெள்ளை பெர்லைட் துகளைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, அது அழுத்தினா நொறுங்கும், இது நசுங்கும்.)

மண்ணை முழுசா உதறி, வேரை ஓடற தண்ணியில கழுவி, செத்த வேரை எல்லாம் வெட்டி எறிஞ்சு, நிழல்ல ஒரு வாரம் காய வச்சு புது மண்ணுல புதுத் தொட்டியில நடுங்க. பழைய மண்ணைக் கண்டிப்பா தூக்கிப் போடுங்க. நட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுத்தான் முதல் தண்ணி, வேர் விட்டு செடி தண்ணி குடிக்க ஆரம்பிச்சதும் உங்ககிட்ட இருக்கிற அதே இமிடாகுளோப்ரிட்டை ஊத்துங்க, இந்தப் பூச்சிக்கு அதுதான் சரியான மருந்து. ஏற்கனவே ஊத்தினதா சொன்னீங்க, ஆனா வேரே இல்லாத செடி எதை உறிஞ்சும்? தூங்கற காலத்துல ஊத்தறதும் வேலைக்கு ஆகாததுக்கு இதே காரணம்தான். அப்புறம் அந்தத் தொட்டி எந்த ட்ரேயில நின்னுதோ அதே ட்ரேயில இருந்த எல்லாத்தையும் கவுத்துப் பாருங்க, தேங்கின தண்ணியிலயே குஞ்சு அடுத்த தொட்டிக்குப் போயிடும்.

மம்மில்லேரியாவுல இருக்கிறது மாவுப்பூச்சியா இருந்தா 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், சின்ன பிரஷ், சாயங்காலம், அவ்வளவுதான். வாரம் ஒரு தடவை ஒரு மாசத்துக்குப் பாருங்க. எறும்பு ஏறுதான்னும் பாருங்க, மாவுப்பூச்சி விடற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், தூக்கிட்டுப் போய் வேற செடியிலயும் விடும். எறும்பை நிறுத்தலன்னா நீங்க துடைச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை, வெள்ளையா நூல் நூலா பஞ்சு தொங்க மாவுப்பூச்சியைவிட ரெண்டு மூணு மடங்கு பெருசா வேகமா ஓடற ஒண்ணைப் பார்த்தா நசுக்காதீங்க. அது கிரிப்டோலீமஸ்னு ஒரு பொறிவண்டோட குஞ்சு, மாவுப்பூச்சியைத் தின்னே வளர்றது. 1891 வாக்கிலேயே ஆஸ்திரேலியாவுல இருந்து கலிஃபோர்னியாவுக்கு மாவுப்பூச்சியை அடக்கறதுக்குன்னே கொண்டு போனாங்க. நான் முதல் தடவை பார்த்தப்ப தெரியாம மூணைக் கொன்னுட்டேன், இன்னைக்கும் மனசுல உறுத்துது.

பச்சைத்தொட்டி:

செதில் பூச்சியும் சேர்த்துச் சொல்லிடறேன், யாராவது பின்னாடி தேடி வருவாங்க. சாம்பல் வெள்ளையா வட்ட வட்டமா நடுவுல புள்ளியோட தோல்ல ஒட்டிக்கிட்டு, நகம் வச்சா பேர்த்துக்கிட்டு வரும். அந்த ஓட்டுக்குள்ள மருந்து போகாது, பழைய டூத்பிரஷால தேய்ச்சு எடுத்துட்டுத்தான் மருந்து. சப்பாத்திக்கள்ளியில வெள்ளைப் பஞ்சு இருந்து நசுக்கினா ரத்தம் மாதிரி சிவப்பு வந்தா அது மாவுப்பூச்சி இல்ல, கொச்சினீல், கார்மைன் சாயம் எடுக்கிற அதே பூச்சி. ஓஸ் வச்சு பீச்சி, ரொம்ப மோசமான மட்டையை வெட்டி எரிச்சிடுங்க.

முள்மொட்டு:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. 23 நாள் ஆச்சு, நடந்ததைச் சொல்றேன். முதல் நாள் எல்லாத்தையும் பீச்சிக் கழுவினேன், மறுநாள் சாயங்காலம் அபாமெக்டின், 5 நாள் விட்டு ஸ்பைரோமெசிஃபென், மறுபடி 5 நாள்ல அபாமெக்டின். ஒவ்வொரு தடவைக்கும் முன்னாடி பேப்பர்ல தட்டிப் பார்த்து எழுதி வச்சேன், முதல் ரெபூசியாவுல 11, அப்புறம் 2, அப்புறம் 1, நேத்து ஒண்ணும் இல்ல. லோபிவியா ரெண்டுலயும் பழுப்புக்கு நடுவுல ஒரு காசு அளவு பச்சை உச்சி வந்திருக்கு. சல்கோரெபூசியா தாங்கல, உச்சியே கருகிடுச்சு, அடியில இருந்த மூணு குட்டியைப் பிரிச்சுக் காய வச்சிருக்கேன்.

ஜிம்னோகாலிசியத்தைக் கவுத்தா அண்ணா சொன்ன மாதிரியே தொட்டிச் சுவர் முழுக்க வெள்ளை. அதே ட்ரேயில இருந்த இன்னும் நாலுலயும் இருந்துது. வேர் வெட்டி நட்டாச்சு, இன்னும் சுருங்கித்தான் இருக்கு, காத்திருக்கேன்.

ஒரே சந்தேகம், அந்த மம்மில்லேரியாவுல ரெண்டு தடவை ஆல்கஹால் வச்சும் சில பஞ்சு அப்படியே இருக்கு. சாகலையா?

வேர்ப்பக்கம்:

மம்மில்லேரியாவுக்கு முள்ளு மேட்டுக்கு நடுவுல இயற்கையாவே பஞ்சு வரும்மா, பூ வர்ற சமயத்துல இன்னும் அதிகமா வரும். பஞ்சு மேல ஆல்கஹால் ஒரு சொட்டு வச்சு லென்ஸ்ல பாருங்க. மாவுப்பூச்சின்னா வெள்ளை மெழுகு கரைஞ்சு உள்ள இளஞ்சிவப்பா உடம்பு தெரியும். செடியோட பஞ்சுன்னா நனைஞ்சு படிஞ்சிடும், காஞ்சதும் மறுபடி எழும்பி நிக்கும். அதைப் பிடுங்காதீங்க.

முள்மொட்டு:

இப்பத்தான் பார்த்தேன். 14 இடத்துல சொட்டு வச்சேன், ரெண்டுலதான் சிவப்பு உடம்பு தெரிஞ்சுது, அதுவும் மண்ணு ஒட்டின பக்கம் நான் பிரஷ் விடாத இடத்துல. மத்ததெல்லாம் காஞ்சு எழும்பிடுச்சு, அதுல ஒண்ணுக்குள்ள ஊசிமுனை அளவுக்கு சிவப்பா ஏதோ தெரியுது, அசையல, நசுங்கற மாதிரியும் இல்ல, லென்ஸ்ல பார்த்தா மொட்டு.